தவிட்டுக்குக் குடுத்த பிள்ளை

எங்க பக்கத்துல ஜாக்கெட்டு தைக்கக் குடுக்குற பொம்பளைக உடம்புல டேப்பு வைக்க விடமாட்டாளுக. அளவு ஜாக்கெட்டுன்னு ஒண்ணைக் கொண்டாந்து மேசையில போடுவாளுக. அக்குள்ல கிழிஞ்சிருக்கும், சாயம் போயிருக்கும், ஹூக்கு இருக்காது. "இதே மாதிரி தச்சிருங்கக்கா, கையி மட்டும் கொஞ்சம் லூசா." ஆளு ரெண்டு சுத்து பெருத்திருப்பா, அளவு ஜாக்கெட்டு மட்டும் கல்யாணத்துக்கு முந்தினதா இருக்கும். தச்சுக் குடுத்தது சேரலைன்னா என் தலைதான் உருளும். பந்தல்குடியில தூத்துக்குடி ரோட்டு மேல, பஞ்சர் கடைக்குப் பக்கத்துல மிஷினைப் போட்டு இத்தன வருசமா இந்தக் கூத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

அப்படி அளவுத் துணியை மட்டும் வச்சு, உடம்புல ஒரு தடவகூட டேப்பு வைக்காம, சின்னக் கவுன்ல இருந்து தாவணி வரைக்கும் நான் தச்சுக் குடுத்த பிள்ளை ஒண்ணு இருக்கு. அருப்புக்கோட்டையில எங்கக்கா வீட்ல வளந்த பிள்ளை. என்னைய சித்திம்பா. அவளைப் பெத்தது நான்தான்.

எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுனாரு. தூத்துக்குடியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க போனவரை பொணமாத்தான் திருப்பிக் கொண்டாந்தாக. அப்ப பிள்ளை தவழ ஆரம்பிச்சிருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு திருச்சுழிக்குப் பக்கத்துல பிறந்த வீட்டுக்கு, எங்கய்யாகிட்ட வந்து சேந்தேன். மிளகாயும் கம்பும் போடுற மானாவாரிக் காடு. மழை பேஞ்சா உண்டு, இல்லாட்டி இல்ல. நானும் பிள்ளையும் அந்த வீட்டுக்குப் பாரம்னு யாரும் வாயால சொல்லல. சொல்லாமலே தெரிஞ்சுச்சு.

எங்கக்காவை அருப்புக்கோட்டையில பலசரக்குக் கடைக்காரக வீட்ல கட்டிக் குடுத்திருந்தாக. வசதியான எடம், பிள்ளை மட்டும் இல்ல. கோயிலு, மதுரை ஆஸ்பத்திரின்னு அலைஞ்சு ஓஞ்சு போயிருந்தா. எங்கய்யா ஒருநா கஞ்சியைக் குடிச்சுக்கிட்டே சொன்னாரு, "நீ சின்ன வயசு. உனக்கு இன்னொரு எடம் பாக்கணும். கைப்பிள்ளையோட எவன் கட்டுவான்? அக்கா என்ன வேத்து ஆளா?" எல்லாரும் தலையை ஆட்டுனாக. உன்னையக் கேட்டாகளான்னு கேக்காதீக. கேட்டாக. கேட்ட விதத்துலயே பதிலும் இருந்துச்சு.

சும்மா குடுத்தா பிள்ளைக்கு ஆகாதும்பாக எங்க பக்கத்துல. பேருக்கு ஒரு படி தவிட்டையாச்சும் குடுத்துத்தான் பிள்ளையை வாங்கணும். அக்கா தவிட்டை என் மடியில கொட்டுனா, நான் பிள்ளையை அவ மடியில போட்டேன். அது என் சீலையைக் கெட்டியாப் பிடிச்சிருந்துச்சு. எங்கம்மாதான் விரலைப் பிரிச்சு விட்டா. அந்தத் தவிட்டைக் கீழ கொட்டக் கூடாது, மாட்டுக்குத்தான் வைக்கணும். எங்கம்மா அன்னைக்கே கழனித் தண்ணியில கலந்து வச்சா. மாடு குடிச்சு முடிச்சுட்டுத் தொட்டியை நக்கிக்கிட்டிருந்துச்சு, நான் பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

"பிள்ளை பால் மறக்குற வரைக்கும் நீ வீட்டுப் பக்கம் வராத"ன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருந்தா. பிள்ளை மறந்துச்சோ என்னமோ, என் மாரு மறக்கல. மறுநாளே பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி ஆயிருச்சு, கையைத் தூக்க முடியல, காய்ச்சல் வேற. பக்கத்து வீட்ல எந்தப் பிள்ளை அழுதாலும் சீலை நனைஞ்சிரும். சுவத்துல பீச்சி விடுன்னா எங்கம்மா. அதுக்கும் அடங்கல. பெறகு டவுன்ல இருந்து மல்லிப்பூ வாங்கியாரச் சொல்லி, உதிரிப் பூவா மார்ல வச்சு, மேல துணியைப் போட்டு இறுக்கிக் கட்டுனா. அப்படிக் கட்டுனா பால் வத்திரும். வாடுன பூவை எடுத்துட்டுப் புதுப் பூ வைப்பா, அது வாடுனா அடுத்த பூ. பாலும் பூவும் சேந்து ஒரு வாசம் வரும் பாருங்க, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒருவழியா வத்திருச்சு.

அன்னையில இருந்து நான் மல்லிப்பூ வைக்குறதில்ல. புருசன் இல்லாதவ, அதான் வைக்கலைன்னு ஊரு நினைச்சுக்கிச்சு. நினைச்சுட்டுப் போகட்டும். அருப்புக்கோட்டை பஸ்ஸுல பூ மூட்டை ஏறுச்சுன்னா நான் எந்திரிச்சு வேற எடம் பாத்துப் போயிருவேன்.

சரி, எதுக்காகப் பிள்ளையைக் குடுத்தமோ அந்த எடமாச்சும் அமைஞ்சுச்சான்னா, அதுவும் இல்ல. சாத்தூர்ப் பக்கம் ஒருத்தரு. பொண்டாட்டி செத்தவரு, பிள்ளைக இருக்கு. வந்தாக, பாத்தாக, காப்பி குடிச்சாக. போயி ஆள் மூலமாச் சொல்லி விட்டாக. பெத்த பிள்ளையையே தூக்கிக் குடுத்தவ, எம்பிள்ளைகளை எப்படிப் பாத்துக்குவான்னாராம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. எங்கய்யாவை நேருக்கு நேராப் பாத்து, "இனி எவனையாச்சும் இந்த வாசல்ல ஏத்துனீகன்னா காலை ஒடிச்சுப்புடுவேன்"னு சொன்னேன். யாரு காலைன்னு அவரும் கேக்கல. அதுக்கப்புறம் தையல் படிச்சுக்கிட்டு பந்தல்குடிக்கு வந்துட்டேன்.

எங்கக்கா கெட்டவ இல்ல. அதைச் சொல்லியாகணும். பிள்ளையை உள்ளங்கையில வச்சுத்தான் வளத்தா. அவளுக்கு இருந்ததெல்லாம் பயம். நான் போயி நின்னா பிள்ளை எம்பக்கம் சாஞ்சிருமோன்னு பயம். நல்லது கெட்டதுக்கு மட்டும் கூப்பிடுவா. போனா, "வாங்க சித்தி"ன்னு பிள்ளை செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு அவ பின்னாடி போயி நின்னுக்கிரும். நான் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுனா அம்மா மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் கையை நீட்டும். அந்தச் செம்புத் தண்ணியைக் குடிக்கிறதுக்கு நான் எவ்வளவு நேரம் எடுத்துக்குவேன்னு எனக்குத்தான் தெரியும்.

ஆனா துணி வரும். தங்கச்சிக்கு இதையாச்சும் விட்டுக் குடுப்போம்னு அக்கா நினைச்சாளோ என்னமோ, பிள்ளைத் துணி அம்புட்டையும் எங்கிட்டத்தான் அனுப்புவா. பையைப் பஸ்ஸு டிரைவருகிட்டக் குடுத்து விடுவா, நான் ரோட்டுல நின்னு வாங்கிக்குவேன். பைக்குள்ள புதுத் துணியும் அளவுத் துணியும் இருக்கும். அளவுத் துணியை அவ தொவைச்சுத்தான் அனுப்புவா. அப்படியும் கையில பேனா மை, பாக்கெட்டுல மிட்டாய்த் தாளுன்னு ஏதாச்சும் தங்கியிருக்கும். ஒரு தடவ அவசரத்துல பள்ளிக்கூடத்துச் சட்டை தொவைக்காமலே வந்துருச்சு. அதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசே வரல. "பிள்ளை மாத்துச் சட்டை இல்லாமக் கிடக்கு, நீ என்னடி பண்ற?"ன்னு அக்கா போன்ல சத்தம் போட்டதுக்கப்புறம்தான் அனுப்புனேன்.

வளர்ற பிள்ளைக்குத் தையலுக்கு உள்ளுக்குள்ள துணி விட்டுத் தைக்கணும். பத்தாமப் போனா பிரிச்சு விட்டுக்கலாம். எல்லாரும் ஒரு விரக்கடை விடுவாக, நான் ரெண்டு விரக்கடை விடுவேன். பிரிச்சு விடச் சொல்லி அந்தத் துணி திரும்ப எங்கிட்ட வரும்ல, அதுக்குத்தான். பை வந்தா பிள்ளை வளந்திருக்குன்னு அர்த்தம். அவளுக்கு வலது தோளு கொஞ்சம் இறங்கியிருக்கும். அளவுச் சட்டை ஒவ்வொண்ணுலயும் அந்தப் பக்கம் தொங்கிப் போயிருக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் அதே தோளுதான். அதுக்குத் தக்கன வெட்டித் தைப்பேன். அதை யாருகிட்டச் சொல்ல? மிஷின்கிட்டச் சொல்லிக்கிட்டு மிதிப்பேன்.

கடைக்கு வர்றவளுக சும்மா இருக்க மாட்டாளுக. "உங்களுக்கு எத்தன பிள்ளைகக்கா?"ம்பாளுக. "இல்ல"ம்பேன். "அய்யோ பாவம், ஒண்ணுகூடவா இல்ல?"ன்னு உச்சுக் கொட்டுவாளுக. என் வயித்துல கோடு கோடா இருக்கு. அதை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லணும். சொல்லிட்டு அன்னைக்குச் சோறு பொங்காம டீயைக் குடிச்சுட்டுப் படுத்த நாளெல்லாம் உண்டு. ஒத்த ஆளுக்கு அடுப்புப் பத்த வைக்கிறதே ஒரு வெறுப்பு.

அதவிட ஒரு கொடுமை இருக்கு. எங்க பக்கத்துல பிள்ளைகளைச் சீண்டணும்னா, "உன்னைய எங்க பெத்தோம், தவிட்டுக்குல்ல வாங்குனோம்"பாக. அதைச் சொல்லாத வீடு கிடையாது. பிள்ளை உதட்டைப் பிதுக்கும், எல்லாரும் சிரிப்பாக, பெறகு தூக்கிக் கொஞ்சுவாக. என் கடையிலயே உக்காந்து சொல்லுவாளுக. நான் மிஷினை வேகமா மிதிப்பேன். என்னைக்காச்சும் எம்பிள்ளைக்கு விசயம் தெரிய வந்து, ஒரு படி தவிட்டுக்கு என்னையத் தூக்கிக் குடுத்திருக்கா, அவளுக்கு மனசுல ஒண்ணுமே செய்யல போலன்னு நினைச்சிருவாளோன்னு பயம். எனக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு பயம்தான். அம்மான்னு கூப்பிட வேணாம். அந்த ஆசையை எப்பவோ விட்டாச்சு. அப்படி மட்டும் நினைச்சிரக் கூடாது.

கல்யாணம் அருப்புக்கோட்டையிலதான் நடந்துச்சு. கல்யாண ஜாக்கெட்டை மட்டும் எங்கிட்டக் குடுக்கல. டவுன்ல கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒண்ணு, அங்க ஆரி வொர்க்கு போடுறாகளாம். "உனக்கு அதெல்லாம் வராதுடி"ன்னா அக்கா. வராதுதான், நான் என்ன வரும்னா சொன்னேன்? ஆரி வொர்க்காம் ஆரி வொர்க்கு. மண்டபத்துல நான் பந்தி நடக்குற எடத்துல நின்னு எலைக்கு உப்பு வச்சுக்கிட்டிருந்தேன். கெட்டிமேளச் சத்தம் மாடியில இருந்து கேட்டுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே பஸ்ஸேறி வந்துட்டேன். வந்து சேந்துட்டியான்னு ஒருத்தரும் கேக்கல.

இந்த வருசம், நல்ல வெயில்ல ஒரு மத்தியானம், கடை வாசல்ல ஆள் நிழல் விழுந்துச்சு. நிமிந்து பாத்தா அவ. வயிறு தள்ளிக்கிட்டு ஒத்தையில நிக்கா. மாசமா இருக்குறதும் அக்கா வீட்டுக்கு வந்திருக்குறதும் தெரியும். இங்க வருவான்னு நான் கண்டேனா?

"இந்த வயித்தோட பஸ்ஸுலயா வந்த? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் சித்தி." ஸ்டூல்ல உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சா. "ஜாக்கெட்டு ஒண்ணும் சேர மாட்டேங்குது. அளவுக்குக் குடுக்கவும் ஒண்ணுமில்ல. அதான் நேர்ல வந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "கல்யாண ஜாக்கெட்டு அன்னைக்குப் பூரா தோள்ல இருந்து வழுகிக்கிட்டே இருந்துச்சு. நீங்க தச்சது எதுவும் வழுகுனதில்ல"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. பொய் சொல்லுவானேன்.

டேப்பை எடுத்தேன். முதல்ல தோளு. இத்தன வருசமா துணியில பாத்த அந்த வலது தோளு கைக்கு அடியில இருந்துச்சு, சுடச்சுட, வேர்வையோட. அளவை மேசையில சாக்பீஸால எழுதுனேன். என்ன எழுதுனேன்னு எனக்கே விளங்கல, அழிச்சுட்டுத் திரும்ப அளந்தேன். அவ ஒண்ணும் கேக்காம கையைத் தூக்குன்னா தூக்குனா, திரும்புன்னா திரும்புனா. இன்னும் கொஞ்ச நேரம் அளந்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

மார்புச் சுத்து அளக்க டேப்பைப் போட்டப்பத்தான் வாயைத் திறந்தா.

"எங்க தெருவுல எல்லாப் பிள்ளைகளையும் தவிட்டுக்கு வாங்குனோம்னு கேலி பண்ணுவாக சித்தி. என்னைய மட்டும் யாரும் பண்ணதே இல்ல. எனக்கு அது ஏக்கமாவே இருக்கும். ஒருநா எதுத்த வீட்டு அத்தை வாயெடுத்தாக. அம்மா மூஞ்சி செத்துப் போச்சு. அவுக அப்படியே பேச்சை மாத்திட்டாக. அன்னைக்கு எனக்கு விளங்கிருச்சு. அப்ப நான் பாவாடை சட்டை போட்டுக்கிட்டுத் திரியிறேன்."

டேப்பு அவ மாரைச் சுத்திக் கிடக்கு, ரெண்டு முனையும் என் கையில இருக்கு. விடவும் முடியல, இறுக்கவும் முடியல.

"அம்மாகிட்டக் கேட்டியா?"

"கேக்கல. கேக்கவும் மாட்டேன். அவுக தாங்க மாட்டாக. நீங்களும் சொல்லிராதீக." அப்புறம் வயித்து மேல கையை வச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா. "யாரு பெத்ததுன்னு நான் கேக்க வரல சித்தி. இந்த இறங்குன தோளு கண்ணாடியில தெரியுது, தாத்தா வீட்ல மாட்டியிருக்க சித்தப்பா போட்டோவுலயும் தெரியுது. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். தவிட்டை வாங்கிக்கிட்டு என்னையக் குடுத்தப்ப, உங்களுக்கு ஒண்ணும் செய்யலையா?"

என்னைய ஊரே வாயாடிம்பாக. கடைக்குச் சொந்தக்காரரு என் வாய்க்குப் பயந்துதான் கூரையை மாத்திக் குடுத்தாரு. இந்தக் கேள்விக்கு எத்தன வருசமா எத்தன பதில் வச்சிருந்தேன். எங்கய்யாவைச் சொல்லலாம், காலத்தைச் சொல்லலாம், அழுததைச் சொல்லலாம். "மல்லிப்பூ வச்சுக் கட்டுனாக"ன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு.

"பூவா?"ன்னு என்னையவே பாத்தா. கல்யாணமாகி முதப் பிள்ளையைச் சுமக்குறவளுக்கு அது எப்படி விளங்கும்? மழுப்புறேன்னு நினைச்சுட்டா. மூஞ்சி சுருங்கிப் போச்சு. முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "சரி சித்தி, தச்சுக் குடுத்து விடுங்க"ன்னு எந்திரிச்சா. ரோட்டைத் தாண்டி விட்டுட்டு வரலாம்னு பின்னாடியே போனேன். பஸ்ஸு வந்துருச்சு, ஏறிட்டா. சன்னல் பக்கம் உக்காந்தும் திரும்பிப் பாக்கல.

அன்னையில இருந்து எனக்கு வேலை ஓடல. வாய் செத்த முண்டை, அந்த நேரத்துல என்ன பூவு, என்ன நாருன்னு என்னையே வஞ்சுக்கிட்டேன். எதுக்குப் பயந்து கிடந்தேனோ அதையே நெசமாக்கி அனுப்பிட்டேன். ஜாக்கெட்டைத் தச்சேன், முன்னாடி ஹூக்கு வச்சு, பிள்ளைக்குப் பால் குடுக்கத் தோதா. உள்ளுக்குள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டேன். பஸ்ஸு டிரைவருகிட்டக் குடுத்து விட்டேன். வளைகாப்புக்குக் கூப்பிட்டாக, போனேன். வளையல் போடுற எடத்துக்கு நம்ம போகக் கூடாதுல்ல, கதவோரமா நின்னேன். எல்லாரும் போட்டோ எடுத்தாக. நான் தச்ச ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தா. ஒரு தடவ இங்கிட்டுப் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டா. அம்புட்டுத்தான்.

பொம்பளப் பிள்ளை பிறந்திருக்குன்னு அக்கா போன் பண்ணுனா. சந்தோசத்துல அதையே ரெண்டு தடவ சொன்னா. "பதினாறு நாள் கழிஞ்சு வா"ன்னா. சரின்னேன். பதினாறு கழிஞ்சு போயி, கூட்டத்தோட கூட்டமா தொட்டில்ல எட்டிப் பாத்துட்டு வரணும். பழகுனதுதானன்னு மிஷின்ல உக்காந்தேன்.

பிள்ளை பிறந்து மூணு நாலு நாள் இருக்கும். மத்தியானம், ரோட்டுல லாரிச் சத்தம் ஓயாமக் கேட்டுக்கிட்டிருந்துச்சு. போன் அடிச்சுச்சு. அவ நம்பரு.

"சித்தி, நான்தான்." குரலு கம்மிக் கிடந்துச்சு. "பிள்ளைக்கு மஞ்சக் காமாலைன்னு லைட்டுக்கு அடியில வச்சிருக்காக. காலையில இருந்து எங்கிட்டக் குடுக்கல. பால் கட்டிக்கிச்சு சித்தி. கல்லு மாதிரி இருக்கு."

"வெந்நி ஒத்தடம் குடு தாயி, கொஞ்சம் கொஞ்சமாப் பீச்சி விடு, நர்சைக் கூப்பிடு"ன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன்.

"சித்தி"ன்னா. நிறுத்துனேன்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருக்காக. அவுகளுக்குப் பிள்ளை தங்கல. அவுகம்மா உதிரி மல்லிப்பூ வாங்கியாந்து மார்ல வச்சுக் கட்டுறாக. எதுக்குன்னு கேட்டேன், சொன்னாக." பெறகு, "அன்னைக்கு உங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுச்சா?"ன்னா.

"ஆமா தாயி"ன்னேன். "வலிச்சுச்சு."

"ரொம்ப நாளா?"

"பால் சீக்கிரமே வத்திருச்சு"ன்னேன். மத்ததை நான் சொல்லல, அவளும் கேக்கல. ரெண்டு பேரும் அழுதோம். மறைக்க என்ன இருக்கு, நல்லாவே அழுதோம். மிஷின்ல கிடந்த எவளோ ஒருத்தி ஜாக்கெட்டுலதான் மூஞ்சியைத் துடைச்சேன்.

"அம்மா மாத்திரை வாங்கிட்டு வாராக, வச்சிர்றேன்"ன்னா. உடனே வைக்கல. "பதினாறு வரைக்கும் இருக்காதீக சித்தி. நாளைக்கே வாங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வரும்போது எல்லாரையும் மாதிரி பூ மட்டும் வாங்கிட்டு வந்துராதீக."

மறுநாள் கடையைத் திறக்கல. பூ மூட்டை ஏறாத பஸ்ஸாப் பாத்து ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன்.